கோவையில் கஃபேயில் அமர்ந்து வேலை பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா?

கேள்வி: கோபிக்காரி

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் உள்ள ஓர் இயந்திர நிறுவனத்துக்கு நான் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். பம்பு, வால்வு ஆகியவற்றின் பாகங்களை முப்பரிமாண மென்பொருளில் வடிவமைப்பது என் பணி. பீளமேட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஒட்டிய மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. காலை 8 மணிக்குக் கம்பி வெட்டும் ஓசை தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓய்வதில்லை.

வாரத்தில் சில நாட்களாவது பகலில் நான்கு மணி நேரம் வெளியே அமர்ந்து வேலை பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். கோ-வொர்க்கிங் இடங்களில் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகங்களில்) விசாரித்தேன். நான் பயன்படுத்தப்போகும் நேரத்துக்கு மாத வாடகை கட்டுப்படியாகாது. ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம், சரவணம்பட்டிப் பக்கத்துக் கஃபேக்களில் மடிக்கணினியோடு பலர் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஒரு காப்பி வாங்கிவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கடைக்காரருக்கு உறுத்தாது? அங்குள்ள வை-ஃபையை நம்பலாமா? ஜெர்மன் நேரம் காலை 10 மணிக்கு எனக்கு நாள்தோறும் வீடியோ கூட்டம் உண்டு. அதை எப்படிச் சமாளிப்பது? சித்திரை வெயிலில் இதெல்லாம் நடக்குமா என்ற ஐயமும் இருக்கிறது. வீட்டில் மேசை இருக்கும்போது காசு கொடுத்து ஊரார் மேசையில் ஏன் உட்கார வேண்டும் என்று என் மாமியார் கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

பதில்: சிங்காநல்லூர்வாசி

வணக்கமுங்க. கூட்டத்தின் நேரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதைப் பொறுத்தவைதான். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். அவர்களுடைய காலை 10 மணி, குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது 1.30. எந்தக் கஃபேயிலும் 1.30 என்பது சாப்பாட்டுக் கூட்டம் நெரியும் வேளை. ஆண்டில் ஏழு மாதம் உங்கள் கூட்டம் அந்த இரைச்சலுக்குள் போய் விழும். ஒரு மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா என்று உங்கள் குழுவிடம் கேட்பதுதான் முதல் வேலை.

வை-ஃபையைப் பொறுத்தவரை, ஒரு வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் விநாடிக்கு 3 மெகாபிட் அளவுக்குத் தடையின்றிக் கிடைத்தால் போதும். பெரும்பாலான கடைகளில் அது கிடைத்துவிடும். சிக்கல் வேகத்தில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. வணிகக் கட்டடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அண்டை அயல் கடைகளின் ரவுட்டர்களால் நிறைந்திருக்கும். போதாததற்கு, பஃப்ஸைச் சூடுபடுத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், கவுன்டருக்குப் பக்கத்து இருக்கையைத் தவிருங்கள். ஜெர்மனியில் உள்ள கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்து வேலை செய்பவராக இருந்தால், நல்ல இணைப்பிலேயே ஒவ்வொரு அசைவும் போய்த் திரும்ப 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். கஃபேயின் தடுமாற்றமும் அதோடு சேர்ந்தால் சுட்டி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் என்றாகிவிடும். கோப்புகளை உங்கள் கணினியிலேயே வைத்து வேலை செய்ய அனுமதி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எப்படியானாலும் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மாற்றாக வைத்திருங்கள். அதற்குச் சன்னலோர இருக்கை உதவும்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலைய வாரியாகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துவது நம் ஊரில் வழக்கம். எந்தெந்தப் பகுதி என்பது முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். உங்கள் வீட்டுக்கு மின்தடை உள்ள நாளில் கஃபேக்குப் போவது நல்ல உத்திதான், ஆனால் அந்தக் கஃபே வேறொரு துணைமின் நிலையத்தின்கீழ் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இருக்கும் கடையிலும், மின்சாரம் மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து, மீண்டும் உயிர்பெறச் சில நிமிடங்கள் ஆகும். வடிவமைப்பு மென்பொருளை ஓட்டும் கணினி பேட்டரியில் இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிது. 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்கில் இருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணிதான். அது சாதாரண மடிக்கணினியை ஒருமுறை நிரப்பும், உங்களுடையதற்குக் காணாது.

வெயிலுக்கு அஞ்ச வேண்டாம், ஆனால் மார்ச் முதல் மே வரை திறந்தவெளி இருக்கை வேண்டவே வேண்டாம். மடிக்கணினி நிறுவனங்கள் பொதுவாக 35 டிகிரி செல்சியஸ் வரைதான் பாதுகாப்பான வெப்பம் என்கின்றன. நம் ஊர்க் கோடைப் பகல் அதைத் தாண்டும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிவிட்டால் வெளியே அமர்வது சுகம், கூடவே தூசியும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை மழைக்கு முன் கிளம்பிவிடுங்கள். லங்கா கார்னரிலும் அவினாசி சாலை ரயில்வே கீழ்ப்பாலத்திலும் தண்ணீர் தேங்கினால் பீளமேட்டுக்கு எந்த வழியில் திரும்புவது என்று அந்த நேரத்தில் யோசித்துப் பயனில்லை.

பதில்: கல்லாவில் இருப்பவன்

அம்மணி, ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் ஒரு சிறிய கஃபே நடத்துகிறேன் என்பதால் கடைக்காரன் கணக்கைச் சொல்கிறேன். நாங்கள் கரண்டு பில்லை நினைத்து முகம் சுளிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உங்களுடையதைப் போன்ற கணினி 150 வாட் இழுத்தாலும் நான்கு மணி நேரத்துக்கு 0.6 யூனிட்; வணிகக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 10 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 6 ரூபாய்தான். ஏ.சி. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடத்தான் போகிறது. எங்களுக்குச் செலவாவது நாற்காலி. பகல் 1 மணி முதல் 2.30 வரை நான்கு பேர் மேசையில் இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்துச் சாப்பிட்டு எழுந்தால்தான் கடை வாடகை தேறும். அந்த வேளையில் ஒருவர் தனியாக அந்த மேசையில் கணினியை விரித்து வைத்திருந்தால், அவர் மூன்று காப்பி குடித்தாலும் எங்களுக்கு நட்டம்தான்.

அதே ஆள் காலை 11 மணிக்கோ பிற்பகல் 3 மணிக்கோ வந்தால் கதையே வேறு. காலியாகக் கிடக்கும் கடைக்குள் யாரும் நுழையத் தயங்குவார்கள். நாலு பேர் அமர்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தால் தெருவில் போகிறவர் உள்ளே வருவார். ஆகவே அந்த வேளையில் உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டியவர்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று வாங்கினால் எந்தக் கடைக்காரனும் வாய் திறக்க மாட்டான் என்பது என் கருத்து. வந்ததும் கல்லாவில் இத்தனை மணி வரை இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்த மேசையில் பிளக் இருக்கிறது, எது ஏ.சி. காற்றுக்கு நேரே இருக்கிறது என்பதெல்லாம் பையன்களுக்குத் தெரியும். அவர்களே நல்ல இடமாகக் காட்டுவார்கள். நடைபாதையின் குறுக்கே ஒயரை இழுத்துப் போடுவது மட்டும் கூடாது. சுடுகாப்பித் தட்டோடு நடக்கிற பையன் தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

எங்களை உண்மையில் வதைப்பவர்கள் வேறு ரகம். ஒரு காப்பிக்கு மூன்று பேர் உட்கார்ந்து கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துக் கூட்டம் நடத்துகிறார்கள். கட்டுச்சோற்றை அவிழ்ப்பவர்களும் உண்டு. சனி, ஞாயிறுகளில் வேலைக்கென்று வராமல் இருப்பது நல்லது.

பதில்: பட்டறை மேஸ்திரி

மேலே சொன்னவை எல்லாம் சரி, ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. நீங்கள் வரைவது பம்பு. உட்காரப் போவது கோயம்புத்தூரில். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ஆம் ஆண்டிலேயே மின்மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. கணபதியிலும் சிங்காநல்லூரிலும் பட்டறை வைத்திருப்பவர்கள் வியாபாரம் பேச வருவதும் அதே ரேஸ்கோர்ஸ் கஃபேக்களுக்குத்தான். சென்னையில் உங்கள் திரையைப் பார்ப்பவருக்கு அது வெறும் கோடாகத் தெரியலாம். இங்கே பக்கத்து மேசைக்காரர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இதழ் வளைவை எட்ட நின்றே படித்துவிடுவார். நான் கெட்ட எண்ணத்தோடு பார்க்க மாட்டேன் என்றாலும் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே, நிறுவனத்துக்கு வெளியே, வீட்டுக்கும் வெளியே வரைபடங்களைத் திறக்க உங்கள் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்தில் அனுமதி வாங்கினால் இன்னும் நல்லது. அனுமதித்தால், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும் திரைத்தாளை ஒட்டிக்கொண்டு, முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படி அமருங்கள். கழிவறைக்குப் போகும்போதும் கணினியை மூடி, கையோடு எடுத்துச் செல்லுங்கள். நிறுவனத்தின் வி.பி.என். (பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் இணைப்பு) இல்லாமல் பொது வை-ஃபையில் கோப்பு அனுப்ப வேண்டாம். அனுமதி கிடைக்காவிட்டால், உதிரிப்பாகப் பட்டியல் சரிபார்ப்பது, மின்னஞ்சல் எழுதுவது போன்றவற்றை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளலாம், அதுவும் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு. பேச்சே தேவைப்படாத நாளென்றால் ஆர்.எஸ்.புரத்தில் உள்ள மாவட்ட மைய நூலகத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே எழுந்திருக்கச் சொல்ல ஆள் இல்லை.

கோபிக்காரி

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டறை அண்ணா சொன்னதைப் படித்ததும் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வேறிடத்திலிருந்து வேலை செய்ய மேலாளரின் ஒப்புதல் வேண்டும் என்றே இருக்கிறது. கூட்டத்தை அவர்களுடைய 11 மணிக்கு மாற்றக் கேட்டும், இந்த ஒப்புதலைக் கேட்டும் ஒரே மின்னஞ்சலாக எழுதிவிட்டேன். கஃபேக்காரரிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி: எனக்குச் சுட்டி இல்லாமல் கை ஓடாது, சிறிய இரண்டாவது திரை ஒன்றும் வைத்திருக்கிறேன். இவற்றையெல்லாம் மேசையில் பரப்பினால் தவறாக எடுத்துக்கொள்வீர்களா?

பதில்: கல்லாவில் இருப்பவன்

சுட்டிக்கு என்ன அம்மணி, தாராளமாகக் கொண்டுவாருங்கள். இரண்டாவது திரையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதை வைத்தால் இரண்டு பேர் மேசை போதாமல் நான்கு பேர் மேசைக்குப் போக வேண்டியிருக்கும், மேஸ்திரி சொன்னதுபோல் பார்ப்பவர்களுக்கும் வசதியாகிவிடும். சோபா காலியாக இருக்கிறது என்று அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். அதன் முன்னால் இருக்கும் மேசை முழங்கால் உயரம்தான், குனிந்து வரைந்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டு மேசை உயரத்தில், சுவரை ஒட்டி, பக்கத்திலேயே பிளக் உள்ள இரண்டு பேர் மேசை எந்தக் கடையிலும் ஒன்றிரண்டாவது இருக்கும். நம் நேரம் காலை 11 மணிக்கு வருகிறவருக்கு அது பெரும்பாலும் கிடைத்துவிடும்.