ஏசிஎஸ் தரவு: பூஜ்ஜியக் கட்டங்களின் பிழை வரம்பை எப்படிக் கூட்டுவது?

வணக்கம். அமெரிக்க சென்சஸின் ஏசிஎஸ் (American Community Survey என்ற மாதிரிக் கணக்கெடுப்பு) தரவு தெரிந்தவர்கள் உதவுங்கள்.

நியூ ஜெர்சி எடிசனில் அடுத்தடுத்த 4 டிராக்ட்களை (சென்சஸ் பிரித்து வைத்திருக்கும் சிறு பகுதிகள்) சேர்த்து, வறுமையில் வாழும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், பிழை வரம்பு (margin of error) எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஓர் இலவச உணவு மையத்தின் நிதி விண்ணப்பத்துக்காக. 2018-2022 ஐந்தாண்டுத் தரவு, அட்டவணை பி17001.

ஆண், பெண், ஆறு வயதுப் பிரிவு என்று டிராக்டுக்கு 12 கட்டங்கள், மொத்தம் 48. பல கட்டங்களில் மதிப்பீடு 0, ஆனால் பக்கத்தில் பிழை வரம்பு மட்டும் பல்லிளிக்கிறது.

பிழை வரம்புகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தேன். மதிப்பீட்டில் பாதிக்கு மேல் வந்து நிற்கிறது. பிறகு, மதிப்பீடு 0 ஆன கட்டங்களின் பிழை வரம்புகளில் மிகப் பெரியதை ஒருமுறை மட்டும் சேர்க்கும் விதிப்படி, ஆர் (R) நிரல்மொழியில் டைடிசென்சஸ் (tidycensus) தொகுப்பின் மோ_சம் (moe_sum) செயற்கூறைப் போட்டேன். டிராக்ட் வாரியாகக் கூட்டிப் பிறகு சேர்த்தால் ஒரு விடை, 48 கட்டங்களையும் ஒரே மூச்சில் கூட்டினால் இன்னொரு விடை. பி17020 அட்டவணையில் குழந்தைகளுக்கான வயதுப் பிரிவு மூன்றுதான். அதில் குழந்தைகள் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, பிழை வரம்பு மட்டும் மாறுகிறது! கட்டங்களுக்கு இடையிலான உடன்மாறுபாட்டை (covariance, அவற்றின் பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவது) சூத்திரம் கண்டுகொள்ளாததால் இது நடக்கும் என்று புரிகிறது. 90% நம்பக அளவு என்பதால் 1.645ஆல் வகுத்துத் திட்டப்பிழையும் (standard error) பார்த்துவிட்டேன். டிராக்ட்களை இன்னும் சேர்க்க வழியில்லை, மையத்தின் எல்லை அதுதான்.

அந்தப் பூஜ்ஜிய விதியை ஒவ்வொரு டிராக்டுக்கும் தனித்தனியாகப் போடுவதா, நான்குக்கும் சேர்த்து ஒரே தடவையா?