மீந்த சந்தகையில் முட்டை போட்டால் களியாகிறது, வழி சொல்லுங்க

வணக்கங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கிறோம். நேற்று பிழிந்த சந்தகை (இடியாப்பம் மாதிரி அரிசிச் சேவை) இரண்டு தட்டு மீந்து, ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, ஒரு தட்டுச் சந்தகையை உதிர்த்துப் போட்டு, மேலே மூன்று நாமக்கல் முட்டையை உடைத்து ஊற்றினேன். முட்டை வேகும் முன்பே இழையெல்லாம் ஈரத்தை இழுத்துக் களி மாதிரி ஒட்டிக்கொண்டது. நடுவில் மட்டும் விறைப்பாகவே இருந்தது.

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) செய்தால் இழை இழையாக நிற்கும், முட்டை பூப்பூவாக ஒட்டியிருக்கும். அவர் இப்போது இல்லை.

முட்டையைத் தனியாகப் பொரித்துவிட்டுக் கடைசியில் கலக்க வேண்டுமா? அல்லது சந்தகையை முதலில் இட்லிப் பாத்திரத்தில் ஆவி காட்டணுமா? இன்னும் ஒரு தட்டு இருக்கிறது. ராத்திரிக்கு அதுதான் வேண்டும் என்கிறான் மகன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.