மறு: 'பிரைவசி ஓஎஸ்' என்பதற்குத் தமிழில் என்ன?

வணக்கம் நண்பர்களே,

பயனரின் அந்தரங்கத்தைக் காப்பதை முதல் நோக்கமாகக் கொண்ட போன் இயங்குதளங்களைத்தான் 'பிரைவசி ஓஎஸ்' என்கிறோம். கிராஃபீன்ஓஎஸ், /இ/ஓஎஸ் போன்றவை. அதற்கு வந்த தமிழ்ப் பெயர் யோசனைகளுக்கு என் பதில்:

> 'தனியுரிமை இயங்குதளம்' போதுமே. பிரைவசிக்குத் தனியுரிமை என்பது நிலைத்துவிட்டதல்லவா?

நிலைத்தது உண்மைதான். ஆனால் மூல நிரலைத் தராமல் நிறுவனங்கள் மூடி வைத்திருக்கும் மென்பொருளை நாம் 'தனியுரிம மென்பொருள்' என்றுதானே எழுதிவருகிறோம்? இடையில் இருப்பது மகரத்துக்கும் மைகாரத்துக்குமான வேறுபாடு மட்டும். கிராஃபீன்ஓஎஸ், /இ/ஓஎஸ் இரண்டுமே ஆண்ட்ராய்டின் திறமூல நிரலிலிருந்து உருவானவை. அவற்றை இந்தப் பெயரில் அழைத்தால், புதிதாக வருபவர் நேர்மாறாகப் புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

> அப்படியானால் 'மாற்று இயங்குதளம்'?

ஆண்ட்ராய்டிலிருந்து உருவான லினேஜ்ஓஎஸ் என்ற இயங்குதளமும் மாற்றுதானே. 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற முந்தைய இயங்குதளத் திட்டம் நின்றபோது அதன் தொடர்ச்சியாக வந்தது. நிறுவனம் கைவிட்ட பழைய போனுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கச் செய்வதில் அது அருமையான திட்டம். ஆனால் பெரும்பாலான போன்களில் அதை நிறுவியபின் பூட்லோடரை, அதாவது போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலை, பூட்டாமல் திறந்தே வைத்திருக்க வேண்டும். போன் வேறொருவர் கைக்குப் போனால், இயங்குதளத்திலேயே அவர் கைவைக்க முடியும். கிராஃபீன்ஓஎஸ்ஸில் நிறுவி முடித்ததும் பூட்லோடரை மறுபடி பூட்டிவிடலாம். அப்புறம் ஒவ்வொரு முறை போன் தொடங்கும்போதும், இயங்குதளத்தை யாரும் திருத்தவில்லை என்பது கிராஃபீன்ஓஎஸ்ஸின் மின்னணுச் சாவியைக் கொண்டு சரிபார்க்கப்படும். எதை நிறுவுவது என்று முடிவெடுக்கப்போகிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை. 'மாற்று' என்ற சொல் அதை மூடிவிடுகிறது.

> 'கூகுள் நீக்கிய' என்றால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் சரியாக இராது. /இ/ஓஎஸ்ஸில் கூகுள் சேவைகளுக்குப் பதில், அவற்றின் வேலையைச் செய்யும் திறமூல மென்பொருளான மைக்ரோஜி இருக்கிறது. பல செயலிகளின் அறிவிப்புகள் கூகுள் வழியாகவே வருவதால், அவற்றைப் பெற மைக்ரோஜியும் கூகுளின் சேவையகத்தோடுதான் பேச வேண்டும். கிராஃபீன்ஓஎஸ்ஸிலோ, வேண்டுமென்றால் கூகுள் பிளேயையே நிறுவிக்கொள்ளலாம். சிறப்பு அனுமதி ஏதுமில்லாத சாதாரணச் செயலியாக அது ஓடும். கூகுள் இருக்கிறது, அதன் அதிகாரம் போய்விட்டது.

எனவே என் பரிந்துரை: 'அந்தரங்கக் காப்பு இயங்குதளம்'. 'மறைகாப்பு' சுருக்கமாக இருந்தாலும் 'மறையாக்கம்' (என்கிரிப்ஷன்) என்பதோடு குழம்பும். அந்தரங்கம் வடசொல் என்ற மறுப்பு வரும் என்று தெரியும். ஆனால் "என் அந்தரங்கத்தில் தலையிடாதே" என்று கோபப்படுகிறவர் யாரும் அந்த இடத்தில் தனியுரிமை என்று சொல்வதில்லை. பேச்சில் உயிரோடு இருக்கும் சொல்லை விட எனக்கு மனமில்லை. நீளம் ஒரு குறைதான். கட்டுரையில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'காப்புத்தளம்' என்று சுருக்கலாம்.

இன்னொன்று. ஒரு செயலி மற்றவற்றைத் தொட முடியாதபடி தனியே அடைத்து இயக்கும் சாண்ட்பாக்ஸுக்கு 'மணல்பெட்டி' மட்டும் வேண்டாம். கேட்பவருக்கு எதுவும் விளங்காது. 'தனியடைப்பு' என்று எழுதிப் பார்க்கிறேன். "கூகுள் பிளே தனியடைப்பில் இயங்கும்" என்ற வாக்கியம் உங்களுக்கு இயல்பாகப் படுகிறதா? இல்லையென்றால் வேறு சொல் தாருங்கள்.