எச்-1பி விசாவில் குழந்தைகள் நல ஆய்வாளர்: சம்பளத்தோடு கூடிய நிதி எங்கே கிடைக்கும்?

வணக்கம். அமெரிக்காவில் ஒஹாயோவில் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் ஃபெலோஷிப் (சிறப்புப் பயிற்சி) கடைசி ஆண்டில் இருக்கிறேன். வரும் ஜூனில் முடிகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எத்தனை நாள் தேவை என்பதுதான் என் ஆய்வு. இதைக் கைவிட மனமில்லை. அந்தக் குழந்தைகளுக்குத் தேவைக்கு மேல் ஒருநாள் மருந்து போனாலும் பாதிப்பு வரலாம்.

சிக்கல் விசா. நான் இருப்பது எச்-1பி-யில், அதாவது வேலைக்கான தற்காலிக விசாவில். மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎச், மருத்துவர்-ஆய்வாளர்களுக்குத் தரும் கே23 விருது 75 சதவீத நேரத்தை ஆய்வுக்கு ஒதுக்கித் தருகிறது, ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மருத்துவமனைகள் வழியாக வரும் என்ஐஎச்-இன் கே12 விருதுக்கும் அதே நிபந்தனைதான். என்ஐஎச்-இன் இன்னொரு விருதான கே99 விசாவில் இருப்பவர்களுக்கும் உண்டு என்றாலும், அது பெரும்பாலும் ஆய்வகக்காரர்களுக்கே போகிறது என்கிறார் என் வழிகாட்டி. குழந்தைகள் நல ஆய்வுக்கு நிதி தரும் த்ராஷர் நிதியத்தின் இளம் ஆய்வாளர் விருதுக்குக் குடியுரிமை கேட்பதில்லை. சரி, விண்ணப்பிக்கிறேன், ஆனால் அது ஒரு சிறு ஆய்வுச் செலவுக்குத்தான் போதும். அமெரிக்க இதயச் சங்கம் எச்-1பி-யை ஏற்கிறது, என் தலைப்புதான் அங்கே பொருந்தவில்லை. வெளியிலிருந்து சம்பளப் பணம் வந்தால்தான் ஆய்வு நேரம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள்.

எச்-1பி-யில் இருந்தபடியே, சம்பளத்தையும் ஈடுகட்டும் ஆய்வு விருதை வாங்கிய குழந்தைகள் நல மருத்துவர்கள் இங்கே இருக்கிறீர்களா, எந்த அமைப்பிடம் வாங்கினீர்கள்?