வரிசையாகச் சொல்கிறான், கலைத்துக் கேட்டால் திணறுகிறான்: ஆன்லைன் வகுப்பில் பழைய பாடத்தை எப்படித் திருப்புவது?

கேள்வி (பென்னாகரம்):
மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சாயங்காலம் வீடியோ காலில் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், இங்கே பாட்டியின் போன்தான். உயிர்மெய் வரிசை முடித்து 'பட்டம்', 'தக்காளி' வரை வந்தாயிற்று. இப்போது 'கொடி'யைக் காட்டினால் 'கெரடி' என்கிறான்! பழையதைத் திருப்ப உட்கார்ந்தால் வகுப்பே அதில் போய்விடுகிறது. விட்டால் மறந்துவிடுகிறான். என்ன செய்யலாம்?

பதில் (ஓசூர்):
சார், இது மறதி மாதிரித் தெரியவில்லை. துணைக்காலை 'ர' என்று படிக்கிறான். சில எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். க, கா, கி என்று ஒப்பிக்கும்போது ராகம் காப்பாற்றிவிடும், அதனால் வரிசையாகக் கேட்கவே கேட்காதீர்கள். 'மரம், பாரம், கெடு, கொடு, கேடு, கோடு' என்று கலந்து காட்டுங்கள். 'பாரம்' முக்கியம், காலும் ர-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதலில் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம், கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லிவிடுவான்.

கேள்வி கேட்டவர்:
கலைத்துப் பார்த்தேன் மேடம், நீங்கள் சொன்னதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் அக்கா முதலெழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள்.

பதில் (ஓசூர்):
அவளுக்கே வேலை கொடுங்கள். சொற்களைச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டட்டும், வாய் திறக்கக் கூடாது. தப்பிய சீட்டை மட்டும் தனியே வைத்து அடுத்த வகுப்பில் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். சரியாக வந்தவை அடுத்த வாரம் ஒருமுறை தலைகாட்டினால் போதும்.

பதில் (பாலக்கோடு):
சீட்டு விளையாட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மீதித் திருப்புதலைப் புதுப் பாடத்துக்குள்ளேயே நுழைத்துவிடலாம். நீங்கள் நடத்துவது ஒற்றெழுத்துதானே? 'பட்டம், தக்காளி'யோடு 'கொக்கு, பொட்டு, தொட்டில், கோட்டை' சேருங்கள். புள்ளியும் புதிதாகப் படிகிறது, பழைய கொம்பும் காலும் தானாகத் திரும்பி வருகின்றன. அவனுக்கும் 'இது போன மாசப் பாடமாச்சே' என்று சலிப்பு வராது.

கேள்வி கேட்டவர்:
சரி, நாளைக்கே செய்கிறேன். ஔ வரிசையையும் இப்போதே திருப்ப வேண்டுமா?

பதில் (பாலக்கோடு):
வேண்டாம் சார். 'வௌவால், கௌதாரி' தவிர அவன் கண்ணில் படுவதே குறைவு. அதிலும் பின்னால் நிற்பது 'ள' மாதிரியே இருக்கும், இதே தகராறுதான் வரும். கால் தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம்.