முடியை நம்பலாமா? பாறை மேல பார்த்த கோரை

பாலக்கோடு:
வத்தல்மலைப் பாறை, தண்ணி வத்தின மணல் திட்டு. ஒரு சாண்கூட இல்லாத குத்து, இலை நூல் மாதிரி. கூட வந்தவங்க ஃபிம்பிரிஸ்டைலிஸ்ங்கற கோரைப் பேரினம்னு முடிவு பண்ணிட்டாங்க. பத்து மடங்கு லென்ஸை இலையுறை வாய்கிட்ட வச்சதும் நீள நீளமா வெள்ளை முடி! இது அதே மாதிரி இருக்கற இன்னொரு பேரினம், பல்போஸ்டைலிஸ். அதுலயும் அரிய இனமாத்தான் இருக்கணும்.

தேன்கனிக்கோட்டை:
முடியோட நிறுத்தாதீங்க அண்ணே, காய்ஞ்ச குத்துல அது உடைஞ்சு போயிருக்கும். முத்தின கொட்டையை, அதாவது கோரையோட பொடிக் காயைப் பாருங்க. ஃபிம்பிரிஸ்டைலிஸ்ல கொட்டை உச்சியில நிக்கிற சூலகத்தண்டு அடியோட கழன்று விழும். உச்சி மொட்டையா இருக்கும். பல்போஸ்டைலிஸ்ல அடித்துண்டு மட்டும் பொடிப் பொத்தானா ஒட்டிக்கிட்டு நிக்கும். பூவுல பறிச்சா இது தெரியாது.

பாரூர்:
ஏரிக்கரையிலயும் இதே குழப்பம்தான். சைப்பரஸ் இரியாங்கற கோரைன்னு எழுதி வச்ச ஒரு கதிரைக் கசக்கினா, தட்டைக் கொட்டை, சூலகமுடி (சூலகத்தண்டு நுனியில பிரியற கிளை) ரெண்டு. இரியாவுக்கு மூணு, கொட்டையும் முப்பட்டை. கொட்டையோட விளிம்பு கதிர்க்காம்பைப் பார்த்து நின்னதால அது பைக்ரியஸ்ங்கற வேற கோரை. கொட்டை தனியா உதிராம சிறுகதிர் முழுசா கழன்றா கில்லிங்காங்கற கோரை.

பறிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நாலஞ்சு குத்துதான் இருக்குன்னா வேரோட பிடுங்காதீங்க, முத்தின ஒரு தண்டு போதும். அடி இலையுறை, பூங்கொத்து, அளவுகோலோட முழுக் குத்து மூணையும் படம் எடுங்க. உதிர்ந்த கொட்டையைத் தனிக் காகிதப் பொட்டலத்துல போட்டு, தேதி, இடம், மண் எழுதுங்க. செடியை அழுத்தி வச்ச செய்தித்தாளை முதல் வாரம் தினமும் மாத்தணும். மாத்தலைன்னா பூஞ்சணம் பிடிச்சு பூவை மூடியிருக்கற செதில் கறுத்துடும், அப்புறம் நிறத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது. 2014ல அறிவிச்ச காவேரி வடக்கு சரணாலயத்துக்குள்ளனா வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இலைகூட எடுக்கக் கூடாது.

தேன்கனிக்கோட்டை:
பாரூர் அண்ணே, அவர் கேட்டது பாறைக் கோரை. பாலக்கோட்டு அண்ணே, அரிதுன்னு எழுதறதுக்கு முன்னாடி பல்போஸ்டைலிஸ் பார்பேட்டா இல்லைன்னு உறுதி பண்ணுங்க. மணல்ல எங்கேயும் வர்றது அது. சிறுகதிரெல்லாம் உச்சியில ஒரே தலையா நெருங்கி நிக்கும், செதில் நுனி வெளிப்பக்கமா வளையும். இன்னொரு இனமான பல்போஸ்டைலிஸ் டென்சாவுல சிறுகதிர்கள் காம்போட பிரிஞ்சு நிக்கும்.

பாலக்கோடு:
இப்பத்தான் மறுபடி லென்ஸ் வச்சேன். ஒரே தலை. செதில் நுனி கொக்கி மாதிரி வெளிய வளைஞ்சிருக்கு. பார்பேட்டாதான், உறையில பேரை மாத்திட்டேன்.