குழந்தையின் போக்கில் நடக்கும் மாற்றுப் பள்ளி: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

கோவை அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு இந்த ஜூனில் 6 வயது முடிகிறது. யு.கே.ஜி. வரை வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் படித்தாள். தினமும் நோட்டு நிறைய வீட்டுப்பாடம், காலையானால் வயிற்றுவலி என்று அழுகை. அதனால் ஒன்றாம் வகுப்புக்கு மாற்றுப் பள்ளி தேடுகிறோம். இரண்டு இடம் பார்த்தாயிற்று. ஒன்றில் மண் சுவர், மரங்கள், வகுப்புப் பிரிவு கிடையாது, தேர்வு கிடையாது. இன்னொன்று மாண்டிசோரி, அறை அவ்வளவு அழகு, ஆனால் பேச்செல்லாம் ஆங்கிலம். இரண்டிலும் ஒரே பதில்தான்: "குழந்தை எதைப் படிக்கலாம் என்று அவளே முடிவு செய்வாள்."

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே அப்படி நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கணவருக்குப் பத்தாம் வகுப்புக் கவலை. மாமியார் "எப்போ வாசிப்பா?" என்று கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி அப்பா:

சகோதரி, என் பையனும் இப்படி ஒரு இடத்தில்தான் படிக்கிறான். முதலில் காகித வேலையை முடித்துவிடுங்கள். அது அங்கீகாரம் உள்ள பள்ளியா, கற்றல் மையம் என்ற பெயரில் நடப்பதா என்று நேராகவே கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. மையமாக நடத்துகிறவர்கள் பெரும்பாலும் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுத வைப்பார்கள். அதற்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். 5 பாடம், தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். பதிவு 5 ஆண்டு செல்லும், அதற்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதி முடிக்கலாம். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நடுவில் வெளியே வர நேர்ந்தாலும் வழி அடைபட்டுவிடாது. பள்ளியில் சேராமலே இருந்த பிள்ளையைக்கூட வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. இன்னொன்று, சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்ப்பதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. குழந்தைக்காகவே பள்ளி என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, விழுப்புரம்:

அம்மா, நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள். இப்போது சில மாற்றுப் பள்ளிகளுக்குத் தமிழ் சொல்லித்தரப் போய் வருகிறேன். எனக்கு மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

குழந்தை தன் வேகத்தில், தானே எடுத்துப் படிப்பது என்பது மண் சுவர்ப் பள்ளிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் உருவான முறையைப் பார்த்துவிட்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08-இல் மாநிலம் முழுக்க, 1 முதல் 4 வகுப்பு வரை வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதச் சுவரின் அடியில் தாழ்வான கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிட மேலே கம்பிப்பந்தல். பாடமெல்லாம் அட்டைகளாக, ஏணிப்படி வரிசையில் இருக்கும். முந்தைய நாள் எந்தப் படியில் நின்றாளோ அங்கிருந்து அவளே அட்டையை எடுத்துவருவாள். ஆசிரியர் துணையோடு படிக்கிற குழு, சக பிள்ளையின் துணையோடு படிக்கிற குழு, தானாகப் படிக்கிற குழு என்று ஒரே அறையில் பல வட்டங்கள் நடக்கும். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளைக்குப் பாடம் போய்விட்டது என்ற பேச்சே இல்லை. வந்து தன் படியிலிருந்து தொடங்குவாள். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்த எனக்குத் தெரியும்.

அதே முறையில் ஒன்றுமே நடக்காத வகுப்பறைகளையும் பார்த்திருக்கிறேன். பாய், அட்டை, பந்தல் எல்லாம் இருக்கும். பிள்ளை அட்டையை எடுப்பாள், திருப்புவாள், வைப்பாள், அடுத்ததை எடுப்பாள். எந்த அட்டையில் மாட்டிக்கொண்டாள் என்று யாருக்கும் தெரியாது. வித்தியாசம் ஒன்றுதான். ஒவ்வொரு பிள்ளையும் இன்று எங்கே நிற்கிறாள் என்பது ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குச் சுதந்திரம் கூடக் கூட, ஆசிரியருக்குக் கவனிக்கிற வேலையும் கூடும். கவனிப்பு இல்லாமல் கொடுக்கிற சுதந்திரத்தில் கெட்டிக்காரப் பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொள்ளும், கூச்சப்படுகிற பிள்ளை மூலையில் உட்கார்ந்தே ஆண்டைக் கழித்துவிடும். எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

அதனால் கொள்கை என்ன என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் அழகாகச் சொல்வார்கள். பெயர் வேண்டாம், ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். போன மாதம் எதில் ஆர்வமாக இருந்தாள், எதைத் தவிர்க்கிறாள், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? நல்ல ஆசிரியர் தயங்காமல் சொல்லிக்கொண்டே போவார், குறிப்பு நோட்டைக்கூட எடுத்துவருவார். "எல்லாப் பிள்ளைகளும் ஹேப்பியா இருக்காங்க" என்று மட்டும் பதில் வந்தால் இன்னும் நன்றாக விசாரியுங்கள்.

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பெயருக்குத் தனியுரிமை இல்லை. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்கிப் பயிற்சி கொடுத்தார். நம் மண்ணில் அந்த முறைக்கு அவ்வளவு பழைய வேர் உண்டு. ஆனால் பெயரை நம்பாமல் இதையெல்லாம் பாருங்கள்: 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் கலந்து ஒரே அறையில் இருக்கிறார்களா, அடுத்த நிலையில் 6 முதல் 9 சேர்ந்து இருக்கிறார்களா? காலையில் மணி அடித்துக் கலைக்காமல் 3 மணி நேரம் போலத் தொடர்ச்சியாக வேலை செய்ய விடுகிறார்களா? ஒவ்வொரு கற்றல் சாதனமும் அறையில் ஒன்றுதான் இருக்கும். ஒரு பிள்ளை வைத்திருப்பதை இன்னொன்று கேட்டால் என்ன நடக்கிறது, காத்திருக்கிறதா, பிடுங்குகிறதா, பெரியவர் ஓடிவருகிறாரா என்று பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் நிறையச் சொல்லும்.

அப்புறம் தமிழ். பிள்ளைகள் விரலால் தடவி எழுத்துப் பழகும் உப்புத்தாள் எழுத்துப் பலகைகளை எடுத்துத் தடவிப் பாருங்கள். ஆங்கிலப் பலகைகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்து, தமிழ்ப் பலகைகள் கடையிலிருந்து வந்த மாதிரியே சொரசொரப்பாக இருந்தால், அங்கே தமிழ் அலமாரியில்தான் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் ஆறு வயதுப் பிள்ளையிடம் தேர்ந்தெடுக்கச் சொல்வதும், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லச் சொல்வதும் ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால், அவளால் பாதியைக்கூடச் சொல்ல முடியாது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

கோவை அம்மா:

ரொம்ப நன்றி டீச்சர். இரண்டு சந்தேகம். மண் சுவர்ப் பள்ளியில் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன், பிள்ளைகள் காட்சிப்பொருள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இது தப்பான அறிகுறியா? இன்னொன்று, என் மகளுக்குக் கணக்கு என்றாலே பயம். அவள் பாட்டுக்கு மாதக்கணக்கில் கணக்குப் பக்கமே போகாமல் இருந்தால்?

ஓய்வு பெற்ற ஆசிரியை, விழுப்புரம்:

மறுத்தது தப்பில்லை அம்மா, சொன்ன காரணம் நியாயமானதுதான். நாலு பெற்றோர் வரிசையாக வந்து நின்றால் பிள்ளைகள் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் உங்கள் மகள் சில நாள் அங்கே இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கும் முடியாது என்றால்தான் யோசிக்க வேண்டும். சரி என்றால், மாலையில் வந்ததும் "பிடிச்சிருந்ததா?" என்று கேட்காதீர்கள். யாரோடு சாப்பிட்டாள், சண்டை வந்ததா, வந்தபோது யார் தீர்த்தார்கள் என்று கேளுங்கள். 1921-இல் ஆரம்பித்து இங்கிலாந்தில் நடக்கும் சம்மர்ஹில் பள்ளியில் விதிகளைக் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள், சின்னப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. நம் ஊர்ப் பள்ளி அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிள்ளைகள் சொல்லி மாறிய விதி ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அடி, மிரட்டல், அவமானப்படுத்துவது மூன்றும் இருக்கக் கூடாது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள், பதிலை நன்றாகக் கவனியுங்கள். "அவளே வருவாள், காத்திருப்போம்" என்று நிறுத்திக்கொள்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கட்டாயப்படுத்தி உட்கார வைப்போம் என்றால் அது பழைய பள்ளியேதான். என் வகுப்பில் எண் அட்டையைத் தொடாத ஒரு சிறுமி இருந்தாள். சத்துணவுக்குத் தட்டு எண்ணி வைக்கிற பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். வராத பிள்ளைகளைக் கழித்துச் சொல்ல வேண்டும், தட்டு குறைந்தால் ஒரு பிள்ளை நிற்கும், அதனால் கவனமாகச் செய்தாள். பிறகு அட்டைக்கும் வந்தாள். இந்த மாதிரி ஒரு வழியை யோசிக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள்.

மாமியாரின் கேள்வியும் நல்ல கேள்விதான், அதைத் தள்ளாதீர்கள். தமிழில் எழுத்தும் குறியும் பிடிபட்டுவிட்டால், பெரும்பாலும் எழுதியிருப்பதை அப்படியே கூட்டி வாசித்துவிடலாம். எட்டு வயதிலும் ஒரு பிள்ளை கூட்டி வாசிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனை, காது பரிசோதனை, தனியாக உட்கார்ந்து உதவுவது என்று ஏதாவது திட்டம் இருக்க வேண்டும். வீட்டில் மாமியாரையே தினமும் இரவு ஒரு கதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வாசிக்கட்டும்.